சீதாலக்ஷ்மி அம்மாள் நினைவாக, ஒரு தையல் மிஷின்

1

இந்தக் கதையை நான் எழுதுவதற்குக் காரணம் செல்லப்பா. பழி முழுவதும் அவர் மேல்.

செல்லப்பாவுக்கு எர்ணாகுளம் பிராட்வேயில் பாத்திரக் கடை. அங்கே தமிழர்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம் ஒன்றுக்கு அவர்தான் காரியதரிசி. போன மாதம் படகேறி மட்டாஞ்சேரிக்கு வந்தார். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார், மறுபடியும் குடித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார். சங்கத்தில் 'மாத்ரு நிதி' என்று ஒன்று தொடங்குகிறார்கள். அவரவர் தாயார் பேரில் பணம் கொடுக்கலாம். அதிலிருந்து ஆதரவற்ற பெண்களுக்கு உதவி. நிதிக்காக ஒரு மலர். மலருக்கு ஒரு கதை.

"அம்மாவைப் பத்தி எழுதுங்க சார். படிக்கிறவன் அழணும். கண்ணைத் துடைச்ச கை அப்படியே சட்டைப்பைக்குப் போகணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அம்மா நல்லவளா இருக்கணும். அது முக்கியம்."

தாயார் பேரில் தர்மம் செய்த கதை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். கமலாக்ஷி சொல்லிக் கேட்டது. கமலாக்ஷி என் மனைவிக்குப் பெரியம்மா பெண். நாலைந்து வருஷத்துக்கு முன், கேரளம் என்று மாநிலம் பிறந்து அதிக காலம் ஆகாதபோது நடந்தது. அவள் எரிச்சலோடு சொன்னாள். நானும் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

சீதாலக்ஷ்மி அம்மாள் கருணையே உருவானவர். வாசலுக்கு வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதாக—

அடித்துவிட்டேன். நிறையப் பேரை அனுப்பியிருக்கிறாள்.

இரண்டாம் தொடக்கம்:

மட்டாஞ்சேரியில் அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. காயலின் மேல்—

மழைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே கிடையாது. எழுத்தாளனுக்கு ஒன்றும் தோன்றாதபோது மழை பெய்கிறது. அதையும் அடித்தாயிற்று.

2

(இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.)

சீதாலக்ஷ்மி, பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து வேரூன்றிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் மிளகுத் தரகர், காலமாகிவிட்டார். மகன் பிச்சுமணி அதே தரகை இன்னும் பெரிதாக நடத்தி, வேறு தெருவில் மாடிவீடு கட்டிக்கொண்டு போனார். மகள் கமலாக்ஷி, துறைமுக ஆபீசில் வேலை பார்க்கும் புருஷனோடு தாயார் வீட்டிலேயே தங்கினாள். தாயாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. யாராவது தங்கித்தான் ஆகவேண்டும்.

கையும் காலும் விழுந்தனவே தவிர நாக்கு விழவில்லை.

"காப்பியா இது? பாத்திரம் அலம்பின தண்ணியை எதுக்குடி சுட வெச்சுக் கொண்டு வரே?"

கமலாக்ஷி வேறு காப்பி போட்டுக் கொண்டுவருவாள். அது சூடு போதாது. அடுத்தது சூடு அதிகம். குளிப்பாட்டினால் தண்ணீர் ஆகாது, துடைத்தால் துண்டு ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்தால் மூச்சு விடும் சத்தம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிச்சுமணி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நாற்காலியில் உட்காருவார். தாயாரின் முகம் மலர்ந்துவிடும்.

"பிச்சு வந்தா நேக்குப் பாதி வியாதி போயிடறது" என்பாள்.

மிச்சப் பாதி கமலாக்ஷிக்கு.

சீதாலக்ஷ்மி இறந்த அன்று வீடே அழுதது. பிச்சுமணி தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். கமலாக்ஷிக்குக் கண்ணீர் வரவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து தாயாரின் துணிகளை அலசினாள். அலசி முடித்தவற்றை மறுபடியும் அலசினாள்.

(செல்லப்பா இந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, 'இங்கே அழுதால் நன்றாக இருக்கும்' என்று எழுதியிருக்கிறார். எனக்கும் தெரியும் நன்றாக இருக்கும் என்று. அவள் அழவில்லை.)

3

முதல் வருஷ திதி நெருங்கியபோது பிச்சுமணிக்கு யோசனை வந்தது.

"கமலு, அம்மா பேர்ல ஒரு தர்மம் பண்ணணும். ஸ்த்ரீகளுக்கு. வருஷா வருஷம் கதியில்லாத ஒருத்திக்கு ஒரு தையல் மிஷின். அம்மா பேரை அதுல எழுதிக் குடுக்கணும். ஊர்ல யாரும் இப்படிப் பண்ணினதில்லை, கேட்டியா?"

"நல்ல காரியம்தான் அண்ணா."

"ஆளை நீ பாரு. அந்த மாதிரி ஸ்த்ரீகள்கிட்ட நேக்குப் பேசத் தெரியாது."

ஆள் பார்ப்பது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கமலாக்ஷி சொன்ன முதல் பெண்ணுக்குப் புருஷன் இருந்தான். குடிகாரன், ஆனாலும் இருந்தான். அதனால் அவள் கதியில்லாதவள் ஆகமாட்டாள். இரண்டாவது பெண்ணுக்குப் புருஷன் இல்லை. ஆனால் குழந்தை இருந்தது, புருஷன் போன தேதிக்கும் குழந்தையின் வயசுக்கும் கணக்கு உதைத்தது. மூன்றாமவள் தானே வந்து கேட்டுவிட்டாள். கேட்டு வாங்குகிறவளுக்குக் கொடுத்தால் தர்மத்துக்கு என்ன மதிப்பு என்றார் பிச்சுமணி. ஏழையாக இருக்கவேண்டும், ஆனால் பார்க்கச் சுத்தமாக இருக்கவேண்டும். கஷ்டப்படவேண்டும், ஆனால் முகத்தில் கஷ்டம் தெரியக்கூடாது, போட்டோ எடுக்கவேண்டும்.

"அண்ணா, இந்த லட்சணமெல்லாம் இருந்தா அவளுக்கு மிஷின் எதுக்கு? சினிமாவிலேயே சேர்ந்துடுவாளே" என்றாள் கமலாக்ஷி.

கடைசியில் மாயம்மாளைச் சொன்னாள். மாயம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் நாள் முழுக்கத் தோல் சுரண்டும் வேலை. புருஷன் கப்பல் வேலை என்று சொல்லிப் போனவன் திரும்பவில்லை. குழந்தை கிடையாது. சீதாலக்ஷ்மி படுக்கையில் கிடந்த காலத்தில், கிடங்குக்குப் போகுமுன் தினமும் வந்து, கிழவியைத் தூக்கி உட்காரவைக்க ஒத்தாசை செய்வாள். அந்த நாக்குக்குப் பயந்து நின்றுபோன மற்ற பெண்களைப்போல அவள் நிற்கவில்லை. பிச்சுமணி அவளை ஒருதரம் பார்த்தார். சுத்தமாக இருந்தாள். சரி என்றார்.

கோயில் மண்டபத்தில் விழா. சீதாலக்ஷ்மியின் இளவயசுப் படத்துக்கு மல்லிகை மாலை. கறுப்பு மிஷினின் கழுத்தில் மஞ்சள் பெயின்டில் 'சீதாலக்ஷ்மி அம்மாள் நினைவாக' என்று எழுதியிருந்தது. தாய்மையைப் பற்றி ஒரு வக்கீல் பேசினார். அவர் பேச்சில் எல்லோரும் உருகினார்கள். மாயம்மாளைப் படத்தின் முன் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். கும்பிட்டாள். கமலாக்ஷிக்கு மட்டும் எங்கோ உறுத்தியது. பந்தி பரிமாற வேண்டியிருந்ததால் அதை யோசிக்க நேரமில்லை.

4

மூன்று நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் பிச்சுமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கை வீட்டுக்குள் வந்தார்.

"பார்த்தியாடி? நீ பிடிச்சுக் குடுத்த ஆளோட லட்சணத்தைப் பார்த்தியா?"

"என்ன ஆச்சு?"

"அம்மாவை வித்துட்டா!"

நடந்தது இதுதான். மிளகு மூட்டை விஷயமாகப் போன வழியில் அவருடைய சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. தைத்துக்கொள்ள ஹம்சாவின் தையல் கடையில் ஏறினார். ஹம்சா ஆம்பிளைகளுக்குக் கால்சட்டை தைப்பவர். அவர் மிதித்துக்கொண்டிருந்த மிஷினின் கழுத்தில் மஞ்சள் எழுத்து. யாரோ ஒருவனுடைய அரை டிராயர் அதன் ஊசிக்குக் கீழே கிடந்தது.

"அம்மா பேருக்குக் கீழ டிராயர்! நாளைக்கு வேலாயுதன் ஹெட் கான்ஸ்டபிளைக் கூட்டிண்டு போறேன். மிஷினும் வரணும், அவளும் உள்ள போகணும். தர்மத்தை விக்கறதுக்கு இவ யாரு?"

கமலாக்ஷிக்கும் கோபம் வந்தது. ஊரெல்லாம் தேடி, அண்ணாவோடு மல்லுக்கட்டி, இவளுக்கு வாங்கிக் கொடுத்தால் இப்படியா செய்வாள்? சொல்லாமல் கொள்ளாமல்? மாயம்மாளை நறுக்கென்று நாலு கேட்பதற்காக அன்று மாலையே புறப்பட்டாள்.

5

(இங்கே மாயம்மாளின் வறுமையை ஒரு பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். ஒழுகும் கூரை, கிழிந்த பாய், எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தேன். நிதி வசூலுக்கு நானே தட்டு ஏந்தி நிற்பதுபோல் இருந்தது. எடுத்துவிட்டேன். கிடங்குகளுக்குப் பின்னால் ஓர் அறை. அவ்வளவு போதும்.)

கமலாக்ஷி குனிந்து உள்ளே போனாள். பாயில் ஒரு கிழவி, ஒரு கண்ணின் மேல் கட்டிய பச்சைத் துணி மறைப்பைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவடி அவ? வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு நிக்கிறவ?"

"ஆத்தா, சும்மா இரு. கமலாம்மா வந்திருக்காக" என்று மாயம்மாள் எழுந்தாள்.

"வந்தவ ஒரு வாய் வெத்தலயாச்சும் வாங்கியாந்தாளா? கையை வீசிக்கிட்டு வந்திருக்கா."

கிழவியின் பெயர் ஒச்சம்மாள். மாயம்மாளின் தாய். ஊரில் மகன் வீட்டைவிட்டு வெளியே தள்ளிவிட்டான். இரண்டு கண்ணிலும் புரை மூடி, கோயில் சாவடியில் யாராவது போட்டதைத் தின்றுகொண்டு கிடந்தாள். அதைக் கேள்விப்பட்டதும் மாயம்மாள் மிஷினை விற்றாள். ஊருக்குப் போய்த் தாயைக் கூட்டிவந்தாள். எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தாயிற்று.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோல்லியோ?" என்றாள் கமலாக்ஷி.

"சொன்னா நீங்க அண்ணன்கிட்டச் சொல்லணும். அவுக யோசிக்கணும். அம்புட்டு நாளு இது சாவடியிலயே கெடக்கணும். அதுவும் போக, எனக்குத் தைக்கத் தெரியாதும்மா."

"தெரியாதா?"

"ஊசியில நூலு கோக்கவே தடுமாறுவேன். மேடையில அம்புட்டுப் பேரு பேசினாக. ஒருத்தரும் கேக்கலையே."

கமலாக்ஷியும் கேட்கவில்லை.

கதையைப் படித்துக்கொண்டிருந்த செல்லப்பா இந்த இடத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அடடா! ஒரு தாய் பேரில் கொடுத்தது இன்னொரு தாய்க்குக் கண்ணாச்சே சார்! இதான் கதை! இங்கேயே முடிச்சிடுங்க!"

முடித்திருப்பேன். ஆனால் அடுத்த நிமிஷமே ஒச்சம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"கஞ்சியாடி இது? உப்பு இல்ல, ஒரப்பு இல்ல. கண்ணு தெரியாமக் கெடந்தப்பவே நல்லா இருந்தேன். ஒம் மூஞ்சியப் பாக்காமயாச்சும் இருந்தேன்."

மாயம்மாள் தரையைத் துடைத்தாள். துடைத்தபடியே சொன்னாள்: "பாத்தீகளா? எதுக்குத்தான் கூட்டியாந்தேனோ. என்னையே செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு. சின்ன வயசுலயும் இப்பிடித்தான், ஒருநா ஆசையாப் பேசினதில்ல. அங்கனயே கெடந்து சாவட்டும்னு விட்றலாம்னுதான் பாத்தேன். முடியலம்மா."

கமலாக்ஷி துணியை அவள் கையிலிருந்து வாங்கி, பாயோரத்தில் சிந்திக் கிடந்ததைத் துடைத்தாள்.

6

மறுநாள் ஹம்சாவின் கடை. பிச்சுமணி, ஹெட் கான்ஸ்டபிள் வேலாயுதன், கமலாக்ஷி. கடைவாசலில் வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

ஹம்சா நடுங்கிப்போயிருந்தார். "என்றெ பொன்னு சாரே, ஞான் வில கொடுத்து வாங்ஙியதா. ஆ எழுத்து கம்பனிப் பேராணெந்நு விசாரிச்சு." தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாததால், சீதாலக்ஷ்மி அம்மாளை மிஷின் கம்பெனி என்று நினைத்துவிட்டார்.

கூட்டம் சிரித்தது. பிச்சுமணிக்கு முகம் சிவந்தது.

"தர்மத்துக்குக் குடுத்த பொருளை வித்தது குத்தம். அந்த மாயம்மாளை ஸ்டேஷனுக்குக் கூட்டிண்டு போய் விசாரியுங்கோ" என்றார்.

"அவளை எதுக்கு விசாரிக்கணும்?" என்றாள் கமலாக்ஷி. "நான்தான் விக்கச் சொன்னேன்."

(பொய். இந்தப் பொய்யை அவள் வழியில் யோசித்துக்கொண்டு வந்தாள் என்று முதலில் எழுதினேன். கேட்டபோது, "யோசிக்கவெல்லாம் இல்லை, வாயில் வந்தது" என்றாள்.)

"நீயா? எதுக்கு?"

"அவ அம்மா கண்ணுக்கு."

"அவ அம்மா கண்ணுக்கு என் அம்மாவை விக்கறதா?"

"உன் அம்மா ஞாயித்துக்கிழமை அம்மா. ஆரஞ்சுப் பழத்தோட அவளை நீயே வெச்சுக்கோ அண்ணா. மத்த நாள் அம்மா என்னோடவ. அவ பேர்லதான் விக்கச் சொன்னேன்."

ஹெட் கான்ஸ்டபிளுக்குப் பசி வேளை. குடும்பச் சண்டை என்று தெரிந்ததும் அவருக்குச் சுவாரசியம் போய்விட்டது.

"கொடுத்ததல்லே?" என்றார் பிச்சுமணியிடம். கொடுத்தது கொடுத்ததுதானே என்று அர்த்தம். "பேரல்லே பிரச்சினை? அது மாய்ச்சா போரே?"

பேர்தான் தொந்தரவு என்றால் அழித்துவிட்டால் போயிற்று. ஹம்சா உடனே டர்பன்டைனும் கந்தலும் எடுத்துவந்தார். யாரும் அவர் கையிலிருந்து அதை வாங்கவில்லை. கடைசியில் பிச்சுமணியே வாங்கினார். கோபத்தோடு தேய்த்தார். 'சீதாலக்ஷ்மி' மஞ்சள் குழம்பாகி வழிந்தது. அதோடு கந்தலைக் கீழே போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். மிஷினில் 'அம்மாள் நினைவாக' என்று மட்டும் மிஞ்சியது.

(நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். செல்லப்பாவும் அதையேதான் நினைத்தார். பேர் போய் அம்மா நின்றாள், உலகத்து அம்மாக்கள் எல்லோரும், இத்யாதி. தயவுசெய்து வேண்டாம். பிச்சுமணிக்கு டர்பன்டைன் வாசனை ஆகாது, தலைவலி வந்துவிடும். அதனால் பாதியில் விட்டார். இப்படி நடந்துதொலைத்தால் நான் என்ன செய்ய?)

அதன்பிறகு பிச்சுமணி தங்கையோடு பேசவில்லை. மிஷின் தர்மமும் நின்றது. இரண்டாம் வருஷ திதிக்குக் கமலாக்ஷியின் புருஷனுக்கு மட்டும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அவள் அன்று சமைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தாயார் படுத்திருந்த அறையில் உட்கார்ந்திருந்தாள்.

7

செல்லப்பாவுக்காக வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

பிச்சுமணி மாயம்மாள் அறைக்கு வருகிறார், ஒச்சம்மாளின் முகத்தில் தன் தாயைக் காண்கிறார், காலில் விழுகிறார். செல்லப்பாவுக்கு இது பிடித்தது.

"பிச்சுமணி ஒச்சம்மாளைப் பார்க்கவே இல்லையே" என்றேன்.

"பார்த்ததா எழுதினா வரி போடுவாங்களா சார்?"

இன்னொன்று: ஒச்சம்மாள் பார்வை பெற்றுச் சீதாலக்ஷ்மியின் படத்தைக் கும்பிடுகிறாள். வாயில் வெற்றிலையோடு அவள், "இவளப் பாத்தா நல்லவ மாரித் தெரியலயே" என்றுதான் சொல்லுவாள் என்று தோன்றியது. பாதியில் விட்டுவிட்டேன்.

நடந்தது இனி வருவது. எந்த மலருக்கும் உதவாது.

8

இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் செய்ய ஆஸ்பத்திரியில் வரச்சொன்னார்கள். கிடங்கில் சரக்கு ஏற்றும் அவசரம். லீவு எடுத்தால் மாயம்மாளுக்கு வேலை போய்விடும். "நான் கூட்டிண்டு போறேன்" என்று கமலாக்ஷி சொன்னாள். சொன்ன உடனே, எதற்குச் சொன்னோம் என்று இருந்தது.

மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் போவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. கமலாக்ஷி வேகமாக நடந்தாள், ஒச்சம்மாள் என்ன குதிரையா? மெதுவாக நடந்தாள், படகு போய்விட்டால் இவள் அப்பனா வந்து தூக்குவான்? படகில் இந்தப் பக்கம் வெயில். மாறி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் காற்று. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் அதில் பித்தளை வாடை.

"நல்ல ஆளா அனுப்பி வச்சா எம்மக. மூஞ்சியப் பாரு, எழவு வீட்டுக்குப் போறவளாட்டம்."

படகு காயலின் நடுவே இருந்தது.

"போறும்!" என்றாள் கமலாக்ஷி.

படகில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"போறும், வாயை மூடுங்கோ! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நன்னா இருக்குன்னு சொன்னா நாக்கு அழுகிப் போயிடுமா? விடிஞ்சா குத்தம், அஸ்தமிச்சா குத்தம். எத்தனை செஞ்சாலும் குத்தம். எடுத்து எடுத்துப் போட்டேனே, ராத்திரி பகல்னு பார்த்தேனா? ஒருநாளாவது சாப்பிட்டியாடின்னு கேட்டதுண்டா? நீ என்ன அம்மா? நீ என்ன..."

தான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "நீங்க என் அம்மாவா என்ன?" என்று மெதுவாகச் சொல்லி முடித்தாள்.

ஒச்சம்மாள் ஒற்றைக் கண்ணால் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "ஆத்தாளா இருந்தா இம்புட்டுச் சத்தம் போட்டிருக்க மாட்ட."

படகு எர்ணாகுளம் துறையில் முட்டி நின்றது.

"அழுதியா?" என்று நான் கமலாக்ஷியிடம் கேட்டேன். செல்லப்பாவுக்காகத்தான் கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை அது?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனவே எனக்குத் தெரியாது. எழுதவும் மாட்டேன். படகு ஆடிக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒச்சம்மாள் எழுந்து, இறங்கும் பலகை எங்கே என்று பிடிபடாமல் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கமலாக்ஷி முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். கிழவிக்குப் பக்கத்தில் இருப்பது இப்போது நீங்கள்தான்.